தூக்குவதா, நிரப்புவதா?

சில வாரங்களுக்கு முன்பு ஒரு வாசகி, தொங்கும் மார்பைத் தூக்கித் தைக்கும் லிஃப்டா, சிலிகோனோ உப்புநீரோ நிரப்பிய பையை உள்ளே வைக்கும் இம்ப்ளான்டா என்று மார்பக அறுவை பற்றிக் கேட்டிருந்தார், நானும் நான்கு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நான்கு வரி யாருக்கும் போதவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதே விஷயம்தான், முக்கால்வாசியில் 'பெயரைப் போட்டுவிடாதீர்கள் டாக்டர்' என்று அடிக்கோடு வேறு. யார் பெயரும் இங்கே இல்லை. இந்த முறை பகுதி முழுக்க இதற்கே.

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகள், இருவருக்கும் நன்றாகப் பால் கொடுத்தேன். இப்போது பிரா போட்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கழற்றினால் எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. மேல் பக்கம் காலியாக இருக்கிறது, கீழே தொங்குகிறது. இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட தோழி ஒருத்தி, 'லிஃப்ட் எல்லாம் வேண்டாம், தழும்பு வரும், இம்ப்ளான்ட் வைத்தால் அதுவே தூக்கிவிடும்' என்கிறாள். நான் பார்த்த டாக்டரோ லிஃப்ட்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்களை நேரில் பார்க்காமலே சொல்கிறேன், நான் டாக்டர் பக்கம். தோழி பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படி நடந்திருக்கும். தொய்வு மிகக் கொஞ்சமாக இருந்து உள்ளே சதை மட்டும் வற்றியிருந்தால், இம்ப்ளான்ட் நிரப்பியதும் மார்பு சற்று எழும்பினாற்போல் தெரியும். அவருடைய உடம்புக்கு அது சரி. அதை வைத்து இம்ப்ளான்ட் தூக்கும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது.

பழைய தலையணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வற்றிப்போவது ஒரு கோளாறு, உறை நைந்து தொளதொளத்துப் போவது வேறு கோளாறு. லிஃப்ட் என்பது உறையைப் பிடித்துத் தைக்கிற வேலை. அதிகப்படித் தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் சதையை மேலே ஏற்றி உருவம் கொடுத்து, காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் உயரமான இடத்துக்கு நகர்த்தித் தைப்பார்கள், மருத்துவத்தில் மாஸ்டோபெக்ஸி என்று பெயர். இதில் புதிதாக ஒரு கிராம்கூட உள்ளே போவதில்லை. இம்ப்ளான்ட் பஞ்சு அடைக்கிற வேலை. தொளதொளத்த உறைக்குள் பஞ்சை அடைத்தால் எல்லாம் அடியில் போய்த்தான் உட்காரும். 300 சிசி சிலிகோன் இம்ப்ளான்ட் ஏறக்குறைய 300 கிராம் எடை, ஏற்கெனவே தாங்க மாட்டாமல் தளர்ந்த தோல் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். சிலருக்கு வேறு மாதிரி ஆகும்: இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே நிற்கும், சொந்த மார்பு மட்டும் அதன் முன்னால் வழுக்கி இறங்கி, பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடாகத் தெரியும். அதைச் சரிசெய்ய மறுபடியும் ஆபரேஷன் டேபிளுக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் தொய்வு எந்த அளவு என்று நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பிரா இல்லாமல் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள், கைகள் தொங்கட்டும். மார்புக்கு அடியில் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கிறதல்லவா, அதோடு ஒப்பிடும்போது காம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மடிப்புக்கு நேராக இருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் மார்பின் அடி விளிம்பு அதற்கும் கீழே இருக்கிறது என்றால் இரண்டாம் நிலை. காம்பே அடி விளிம்பில் நின்று தரையைப் பார்க்கிறது என்றால் மூன்றாம் நிலை. இதற்கு ரெக்னோ வகைப்பாடு என்று பெயர், 1976-இல் வெளியானது, இன்றைக்கும் நாங்கள் இதைத்தான் சொல்லிக்கொள்கிறோம். காம்பு மடிப்புக்கு மேலேயே இருக்க, அடிச்சதை மட்டும் இறங்கியிருப்பது போலித் தொய்வு. போலித் தொய்விலும் முதல் நிலையிலும் சிலருக்கு இம்ப்ளான்ட் மட்டுமே போதும், உங்கள் தோழி அநேகமாக இந்த ரகம். இரண்டு, மூன்று என்றால் லிஃப்ட் இல்லாமல் நடக்காது.

அடுத்தது, லிஃப்ட் மட்டும் போதுமா, கூடவே உள்ளே ஏதாவது வைக்க வேண்டுமா என்பது. இதற்கு உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. 'பிரா போட்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிராவில் பஞ்சுப் பட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதவில்லை! பட்டை இல்லாத சாதாரண பிராவைப் போட்டு, சதையைக் கையால் எடுத்துக் கப்புக்குள் ஒழுங்காக அமர்த்திவிட்டு, சட்டை போட்டுப் பாருங்கள். அளவு பிடித்திருந்தால் உங்களுக்குத் தேவையான சதை உங்களிடமே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது, லிஃப்ட் மட்டும் போதும். 'இதுவும் பத்தாது, பட்டை வைத்தால்தான் நன்றாக இருக்கிறது' என்றால் அப்போது இம்ப்ளான்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். வருகிற எல்லாரையும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன், பாதிப் பேருக்கு அங்கேயே குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் செய்தால் மேல் பக்கக் காலி அவ்வளவாக நிரம்பாது. முதல் சில வாரம் வீக்கத்தால் மேலே புடைத்து நிற்கும், எல்லாருக்கும் பிடித்துப்போகும், மூன்று நான்கு மாதத்தில் அது அடங்கிவிடும். தோல் இறுகிச் சதை ஒன்றாகத் திரள்வதால் சிலருக்கு அளவு குறைந்தது போலவும் தோன்றும். கழுத்துக்குக் கீழே மேடாக, உருண்டையாக நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிற படம் என்றால், வெறும் லிஃப்ட் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அப்புறம், பால் கொடுத்ததைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பிரையன் ரிங்கர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனின் குழு, மார்பக அறுவைக்காக வந்த பெண்களை வைத்து இதை ஆராய்ந்தது. தொய்வுக்குப் பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை. வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன்பே மார்பு பெரிதாக இருந்ததா, புகைப்பழக்கம் இருந்ததா, இவைதான் காரணமாக நின்றன. கர்ப்பத்தில் பெருத்துச் சுருங்குகிறதே, அந்த வேலைதான் தோலை நீட்டிவிடுகிறது, பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

கேள்வி: மார்புக்கு அடியில் பென்சில் வைத்துப் பார்த்தேன், விழாமல் நின்றது. அப்படியென்றால் ஆபரேஷன் தேவையா?

பதில்: பென்சில் நின்றால் மார்புக்கு அடியில் ஒரு மடிப்பு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சற்றே பெரிய மார்பு உள்ள இருபது வயதுப் பெண்ணுக்கும் நிற்கும். பென்சிலை எடுத்து எழுத வையுங்கள்.

கேள்வி: வயது 24, இன்னும் திருமணமாகவில்லை. மார்பு தொங்கவில்லை, மிகச் சிறியது, அதுதான் என் பிரச்சினை. இம்ப்ளான்ட் வைத்தால் ஆயுசுக்கும் இருக்குமா? பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா? சிலிகோன் நல்லதா, உப்புநீர் நல்லதா?

பதில்: ஆயுசுக்கும் இருக்காது. நான் சொல்லப்போவதில் இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 24 வயதில் வைத்தால் வாழ்நாளில் குறைந்தது இன்னொரு ஆபரேஷன், அநேகமாக அதற்கு மேலும், உண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பத்து வருடம் ஆனதும் தேதி முடிந்த மருந்து மாதிரி எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியில்லை. தொந்தரவு இல்லாமல் இருபது வருடம் வைத்திருப்பவர்களும் உண்டு, நான்கே வருடத்தில் எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு.

எடுக்க வைப்பது பெரும்பாலும் இரண்டு காரணம். வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டிவிடும், அது இயல்பு. சிலருக்கு அந்த உறை தடித்து, சுருங்கி, இம்ப்ளான்டை நெரிக்க ஆரம்பிக்கும். மார்பு கல் மாதிரி இறுகும், உருவம் கோணும், வலியும் வரும். இரண்டாவது காரணம், இம்ப்ளான்டின் ஓடு கிழிவது. உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் மறைக்கவே முடியாது, ஓரிரு நாளில் ஒரு பக்கம் சப்பென்று ஆகிவிடும், கசிந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கெடுதல் இல்லை. சிலிகோன் ஜெல் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், ஜெல் அங்கேயேதான் கிடக்கும். அதனால்தான் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ, சிலிகோன் வைத்தவர்கள் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு முறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை தொடர வேண்டும் என்கிறது. இந்த ஸ்கேன் செலவை யாரும் முதல் நாள் பில்லில் எழுதிக் காட்டுவதில்லை.

தொட்டால் இயற்கையாக இருப்பது சிலிகோன். உப்புநீரில் சிலருக்கு, அதுவும் உங்களைப் போல மேலே மூட அதிகம் சதை இல்லாதவர்களுக்கு, ஓரத்தில் சுருக்கம் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். அழகுக்காக வைப்பதென்றால் சிலிகோனுக்கு 22 வயதும், உப்புநீருக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, இரண்டிலும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

பால் கொடுப்பதைப் பற்றி: பெரும்பாலானவர்களால் முடியும். மார்பின் அடி மடிப்பில் கீறி, இம்ப்ளான்டைச் சுரப்பிக்குப் பின்னாலோ தசைக்குப் பின்னாலோ வைத்தால் பால் குழாய்கள் அதிகம் தொடப்படுவதில்லை. கருவட்டத்தின் ஓரத்தில் கீறினால் குழாயும் நரம்பும் வெட்டுப்பட வாய்ப்பு கூடுதல். ஆனால் மிகச் சிறிய மார்பு உள்ள சிலருக்குச் சுரப்பித் திசுவே இயற்கையில் குறைவாக இருக்கும், அவர்களுக்குப் பிறகு பால் குறைந்தால் பழி இம்ப்ளான்டின் மேல் விழும். ஒன்று சொல்லட்டுமா, உங்கள் கடிதத்தில் எனக்குச் சற்று உறுத்திய வரி 'இன்னும் திருமணமாகவில்லை' என்பது. அது வயது விவரமா, அல்லது காரணமா? வரப்போகிறவருக்காக என்றால் பொறுத்திருங்கள். உங்களுக்காக என்றால், கர்ப்பம் வந்தால் உருவம் எப்படியும் மாறும், அப்போது இன்னொரு முறை சரிசெய்ய வேண்டி வரலாம் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்தால் கேன்சர் வரும் என்கிறார்களே? என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. எனக்கு 41.

பதில்: சாதாரணமாக நாம் மார்பகப் புற்றுநோய் என்று சொல்வது இம்ப்ளான்டால் அதிகமாவதாகத் தெரியவில்லை. வேறொன்று இருக்கிறது. இம்ப்ளான்டைச் சுற்றிய உறையில் வரும் ஒரு வகை லிம்ஃபோமா, பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல் என்று சுருக்கிச் சொல்வார்கள், அது நிணநீர் மண்டலத்துப் புற்று. அரிதானது. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. 2011-இல் எஃப்.டி.ஏ இதைப் பற்றி முதலில் எச்சரித்தது, 2019-இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பொதுவாக வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நீர் கோத்து வீங்கும். சீக்கிரம் கண்டுபிடித்து இம்ப்ளான்டையும் உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அதனால் வைத்துக்கொள்கிறவர்கள் வழவழப்பா சொரசொரப்பா என்று கேட்டு, கம்பெனி பெயர், வரிசை எண் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிரான்ஸில் பி.ஐ.பி என்ற கம்பெனி தொழிற்சாலைக்கான மட்டமான சிலிகோனை நிரப்பி விற்றது 2010-இல் வெளியே வந்தபோது, தன் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் தவித்த பெண்கள் ஏராளம்.

2021-இல் எஃப்.டி.ஏ இம்ப்ளான்டுகளுக்கு, கட்டம் கட்டி அச்சிடும், இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதில் இந்த லிம்ஃபோமாவும் இருக்கிறது. கூடவே சில பெண்கள் சொல்லும் களைப்பு, மூட்டுவலி, மறதி மாதிரியான உடல் தொந்தரவுகளும் இருக்கின்றன. இந்தத் தொந்தரவுகள் இம்ப்ளான்டால்தான் என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, எடுத்த பிறகு நன்றாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. 'எல்லாம் மனப்பிரமை' என்று அவர்களைத் திருப்பி அனுப்புகிற டாக்டர்களை எனக்குப் பிடிக்காது.

உங்கள் விஷயத்தில் இம்ப்ளான்டா லிஃப்டா என்பதே இரண்டாவது கேள்வி. முதலில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, வேறு உறவினர் யாருக்காவது வந்ததா என்பதைப் பொறுத்து மரபணுப் பரிசோதனையும் தேவைப்படலாம், அதை முடித்துக்கொண்டு வாருங்கள். இம்ப்ளான்ட் உள்ளே இருந்தால் மேமோகிராமில் கொஞ்சம் திசு மறைந்துபோகும், இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளிப் பிடித்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள், ஆனாலும் முழுதாகத் தெரியாது. லிஃப்டிலும் உள்ளே தழும்பும் சுண்ணாம்புப் புள்ளிகளும் உண்டாகலாம், ஆனால் படத்தை மறைக்கிற பொருள் எதுவும் இல்லை. உங்கள் குடும்ப வரலாற்றில் எனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை. லிஃப்டில் வெட்டி எடுக்கும் திசு இருந்தால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். க்ரீம், மசாஜ், உடற்பயிற்சி இவற்றால் தூக்க முடியுமா?

பதில்: முடியாது. மார்புக்குள் தசை கிடையாது, சுரப்பியும் கொழுப்பும் அவற்றைத் தாங்கும் நார்களும்தான். தசை அதற்குப் பின்னால் இருக்கிறது. தண்டால் எடுத்தால் அந்தத் தசை நன்றாக வரும், நிமிர்ந்து நிற்பீர்கள், அதனால் பார்க்கக் கொஞ்சம் நன்றாகவும் இருக்கும், அதற்காகச் செய்யுங்கள். நீண்டுபோன நார் சுருங்காது. க்ரீமால் தோல் வழவழப்பாகும்.

கேள்வி: எனக்கு இரண்டும் தேவை என்கிறார்கள். ஒரு டாக்டர் ஒரே நாளில் லிஃப்டும் இம்ப்ளான்டும் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் லிஃப்ட், சில மாதம் கழித்து இம்ப்ளான்ட் என்கிறார். இரண்டாமவர் இரண்டு பில் போடப் பார்க்கிறாரோ?

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். லிஃப்ட் தோலை இறுக்குகிறது, இம்ப்ளான்ட் அதே தோலை உள்ளிருந்து தள்ளி விரிக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் செய்தால் ஒன்று இழுக்க ஒன்று தள்ள, நடுவில் மாட்டிக்கொள்வது தையலும், காம்புக்குப் போகிற ரத்த ஓட்டமும். எவ்வளவு தோலை வெட்டலாம் என்பதையும் அனுமானத்தில்தான் முடிவு செய்ய வேண்டும், அதிகமாக வெட்டிவிட்டால் மூட முடியாது, குறைவாக வெட்டினால் மறுபடி தொங்கும். அனுபவம் உள்ளவர்கள் ஒரே நாளில் செய்கிறார்கள், நன்றாகவும் வருகிறது. ஆனாலும் தனித்தனியாகச் செய்வதைவிட இந்தக் கூட்டு அறுவையில் மறுபடி சரிசெய்ய வேண்டி வருவது அதிகம் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தொய்வு அதிகம், பெரிய இம்ப்ளான்ட் வேண்டும் என்கிறீர்கள், அல்லது புகைப்பவர் என்றால் நானும் இரண்டு தடவையாகத்தான் செய்வேன். தொய்வு மிதம், இம்ப்ளான்ட் சிறியது என்றால் ஒரே நாள் பரவாயில்லை. இரண்டு தடவையாகச் செய்வதில் ஒரு லாபம், அதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள்: லிஃப்ட் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு 'இதுவே போதும் டாக்டர்' என்று இரண்டாவதுக்கு வராமலே போகிறவர்கள் நிறைய. கொஞ்சம்தான் நிரப்ப வேண்டும் என்றால், வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உங்கள் கொழுப்பையே எடுத்து ஏற்றும் முறையும் உண்டு. ஏற்றியதில் ஒரு பங்கை உடம்பு கரைத்துவிடும், அதனால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது, மேல் பக்கக் காலிக்கு ஓரளவு நல்லது.

கேள்வி: என் தோல் கருப்பு. அம்மை ஊசி போட்ட இடம்கூடத் தடித்துத்தான் ஆறியது. லிஃப்ட் தழும்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான், இந்த ஊசித் தகவலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிறம் கூடிய தோலில் தழும்பு தடிப்பதும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு ஆவதும் அதிகம், நடு நெஞ்சு, மேற்கை மாதிரி இடங்கள் அதற்குப் பேர்போனவை. லிஃப்டில் தழும்பு இல்லாமல் வழியில்லை. தொய்வு லேசாக இருந்தால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும். கொஞ்சம் கூடினால் வட்டத்திலிருந்து கீழே நேராக ஒரு கோடு. இன்னும் கூடினால் அடி மடிப்பு நெடுக இன்னொரு கோடு, மூன்றும் சேர்ந்தால் கப்பல் நங்கூரம் மாதிரி இருக்கும். சின்னத் தழும்புக்கு ஆசைப்பட்டு, பெரிய தொய்வை வட்டத் தையலிலேயே முடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், வட்டம் இழுபட்டு அகலமாகி, மார்பு தட்டையாகிவிடும்.

முதல் மூன்று மாதம் தழும்பு சிவந்தோ கருத்தோ தடித்தோ மோசமாகத்தான் தெரியும், பலர் அப்போதுதான் எனக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டோ அனுப்புகிறார்கள். அது அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். சிலிகோன் ஷீட், ஊசி என்று கட்டுப்படுத்தவும் வழிகள் உண்டு. ஆனால் முன்பே கெலாய்டு வந்தவர் என்று உறுதியானால், இந்த ஆபரேஷனே வேண்டாமோ என்றும் பேச வேண்டும். இம்ப்ளான்டுக்குத் தழும்பு சிறியது, மடிப்பில் ஓரிரு அங்குலம், என்றாலும் தொய்வுக்கு அது பதிலாகாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், லிஃப்டில் காம்பு அந்தக் குழாய்களை நம்பித்தான் பிழைத்துக் கிடக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும், நிகோடின் சூயிங்கமும் சேர்த்து. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வது காம்புதான்.

கேள்வி: என் மனைவிக்கு 45 வயது. இந்த வயதில் லிஃப்ட் செய்தே தீருவேன் என்கிறாள். எனக்கு அவள் இப்படியே பிடித்திருக்கிறது. எப்படித் தடுப்பது?

பதில்: பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொன்னீர்களா, அல்லது எனக்கு மட்டும்தான் எழுதினீர்களா? சொல்லிவிட்டு அவரோடு டாக்டரைப் பார்க்கப் போங்கள். அங்கே கேள்வி கேளுங்கள், தடுக்காதீர்கள். உடல் எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் இருந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் 45 ஒரு வயதே இல்லை. பார்க்கப்போனால், இனிக் கர்ப்பம் வந்து உருவத்தைக் கலைக்காது என்பதால் இது நல்ல வயது.

கேள்வி: அடுத்த மாதம் லிஃப்ட் செய்துகொள்ளப்போகிறேன், இம்ப்ளான்ட் இல்லை. நிறைய யோசித்துத்தான் முடிவெடுத்தேன். பால் நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? குழந்தையைத் தூக்கலாமா? இது திரும்பவும் தொங்குமா?

பதில்: பால் நிறுத்தி மூன்று முதல் ஆறு மாதம் விடச் சொல்வோம், உருவம் ஒரு நிலைக்கு வர. இன்னும் காம்பைப் பிதுக்கினால் பால் வருகிறதென்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேர வேலை, பலரும் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள். வலி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான், இம்ப்ளான்டைத் தசைக்கு அடியில் வைத்தவர்கள் படும் பாடு இதில் இல்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். கம்பி இல்லாத, இறுக்கிப் பிடிக்கும் பிராவை ராத்திரியும் சேர்த்து ஏறக்குறைய ஆறு வாரம் போட வேண்டும். மல்லாந்துதான் படுக்க வேண்டும். காம்பில் உணர்ச்சி மரத்துப்போவது சகஜம், சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, காம்பு கருத்து நீலமாவது, இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

திரும்பத் தொங்குமா என்றால், மெதுவாக, ஆமாம். வயதும் புவியீர்ப்பும் ஆபரேஷன் ஆனதென்று விட்டுவைக்காது. ஆனால் பழைய இடத்துக்கே ஒரேயடியாக வந்துவிடாது, எடையைப் பத்துக் கிலோ ஏற்றி இறக்காமல் இருந்தால் பல வருடம் நன்றாக இருக்கும்.

குழந்தையைத் தூக்குவதுதான் கஷ்டம். நான்கிலிருந்து ஆறு வாரம் கூடாது, இரண்டு வயதுக் குழந்தை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். தூக்காதே என்று என்னால் எழுதிவிட முடியும், அது கையை நீட்டிக்கொண்டு ஓடி வரும்போது உங்களால் சும்மா நிற்க முடியாது என்று எனக்கும் தெரியும். அதனால் இப்போதே பழக்குங்கள். நீங்கள் தாழ்வான சோபாவில் உட்கார வேண்டும், குழந்தை தானே ஏறி உங்கள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், நெஞ்சுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் கற்றுக்கொண்டுவிடும்.